வரப்பும் வானமும்

சக்கரவர்த்தியாக இருப்பதில் ஒரு சங்கடம் உண்டு. சாப்பிடக் கூப்பிட்டால் உடனே எழுந்து போக முடியாது.

"ஏங்க, குழம்பு ஆறிப்போச்சு" என்று என் மனைவி மூன்றாம் தடவையாகக் குரல் கொடுத்தபோது திட்டக்குடியில் மணி இரவு பத்து. எனக்கோ அப்போது 2431-ஆம் வருஷம் நடந்துகொண்டிருந்தது. பதினேழு கிரகங்கள் என் ஆட்சியில் இருந்தன. பதினெட்டாவது கிரகத்தை நோக்கி என் ஜனங்களை ஏற்றிக்கொண்டு கப்பல்கள் போய்க்கொண்டிருந்தன. அவர்கள் போய் இறங்கும் வரையில் பொறுப்புள்ள ஒரு ராஜா குழம்பைப் பற்றி எப்படி நினைப்பான்?

"இன்னும் ஒரே ஒரு வருஷம்" என்றேன்.

"வருஷமா?" என்றாள். அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. தட்டை மூடி வைத்துவிட்டுப் படுக்கப் போய்விட்டாள்.

இந்த ராஜ்யம் எனக்குக் கிடைத்த விதத்தைச் சொல்லிவிடுகிறேன். என் அண்ணன் மகன் சிதம்பரத்தில் கம்ப்யூட்டர் படிக்கிறான். லீவுக்கு ஊருக்கு வந்தால் எங்கள் வீட்டுக்கும் தவறாமல் வருவான். ஆனால் தெருவாசல் வழியாக வரமாட்டான். கொல்லையில் முருங்கை மரத்தடிப் படலைத் தள்ளிக்கொண்டு வருவான். அவன் அப்பாவும் நானும் ஆறு வருஷமாகப் பேசிக்கொள்வதில்லை என்பதுதான் காரணம். அந்தக் கதைக்குப் பிறகு வருகிறேன்.

அவன் தன்னுடைய பழைய லேப்டாப் ஒன்றைக் கொண்டுவந்து என் மேஜை மேல் வைத்தான். "இன்னும் எத்தனை நாளைக்குச் சித்தப்பா காகிதத்திலே எழுதிக்கிட்டிருப்பீங்க? இதிலே பழகுங்க" என்றான். மவுஸ் பிடிக்கக் கை பழகட்டும் என்று ஒரு விளையாட்டையும் அதில் போட்டுக் கொடுத்தான். நாவலுக்காக வந்த யந்திரம் அது. இன்றுவரை அதில் நாவல் ஒரு வரிகூட எழுதப்படவில்லை.

விளையாட்டின் பெயர் 'மாஸ்டர் ஆஃப் ஓரியன்'. ஓரியன் என்பது வேறொன்றுமில்லை. நம் பஞ்சாங்கத்து மிருகசீரிஷமும் திருவாதிரையும் இருக்கிற நட்சத்திரக் கூட்டம். அமெரிக்காவில் ஸிம்டெக்ஸ் என்ற சிறிய கம்பெனியில் ஸ்டீவ் பார்ஸியா என்பவர் இதை உருவாக்கினார். 1993-ல் மைக்ரோப்ரோஸ் கம்பெனி வெளியிட்டது. அந்த வருஷம் நான் அரை நிஜாரோடு வெள்ளாற்று மணலில் ஓடிக்கொண்டிருந்தவன். இத்தனை பழைய விளையாட்டு எதற்கு என்று கேட்டேன். "இந்த லேப்டாப்புக்கு இதுதான் தாங்கும்" என்றான் பையன். என் வயசையும் சேர்த்துத்தான் சொன்னானோ என்னவோ.

கம்ப்யூட்டர் விளையாட்டு என்றால் படபடவென்று சுட வேண்டும், குதிக்க வேண்டும் என்று நான் நினைத்திருந்தேன். இது அப்படியல்ல. நம் ஆடுபுலி ஆட்டத்தைப் போல முறை வைத்து ஆடுவது. உன் முறை வந்தால் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் தாடையைச் சொறிந்துகொண்டு யோசிக்கலாம். யோசித்து முடித்ததும் ஒரு பொத்தானை அழுத்தினால் ஒரு வருஷம் ஓடிவிடும். எதிராளிகளும் அந்த வருஷத்துக்குள் தங்கள் காரியத்தைப் பார்த்துக்கொள்வார்கள். பிறகு மறுபடியும் உன் முறை.

ஆட்டம் 2300-ஆம் வருஷத்தில் தொடங்குகிறது. கையில் ஒரே ஒரு கிரகம், அதில் நாலு கோடி ஜனங்கள், முப்பது தொழிற்சாலைகள். வேவு பார்க்க இரண்டு கப்பல்கள். குடியேறுவதற்கு ஒரு கப்பல். சுற்றிலும் இருட்டில் நட்சத்திரங்கள். சின்ன வானம் வேண்டுமென்றால் இருபத்து நாலு. பெரிய ஆசை இருந்தால் நூற்றெட்டு வரையில் கேட்டு வாங்கலாம். ஒவ்வொரு கிரகத்தின் வருமானத்தையும் ஐந்து மதகு வழியாகப் பிரித்துவிட வேண்டும்: கப்பலுக்கு, காவலுக்கு, தொழிலுக்கு, சுத்தத்துக்கு, ஆராய்ச்சிக்கு. ஒன்றைத் திறந்தால் மற்றொன்று குறையும். வெலிங்டன் ஏரிப் பாசனத்தைப் பார்த்து வளர்ந்த எனக்கு இது சொல்லிக் கொடுக்காமலே புரிந்தது. தொழிலையே பார்த்துக்கொண்டு சுத்தத்தை மூடினால் கிரகம் குப்பையாகி ஜனம் குறைந்துபோகும் என்பதும் புரிந்தது.

இந்த ஜாதி விளையாட்டுக்களுக்கு ஆங்கிலத்தில் நாலு வினைச்சொற்களைக் கொண்டு ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். இதே விளையாட்டைப் பற்றி 1993-ல் எழுதும்போது ஆலன் எம்ரிச் என்ற பத்திரிகை எழுத்தாளர் வைத்த பெயர் அது. தமிழில் சொன்னால்: தேடு, பரவு, சுரண்டு, அழி. ராஜ்ய சாஸ்திரம் முழுவதையும் இவ்வளவு சுருக்கமாக வேறு யாரும் சொன்னதாக எனக்குத் தெரியவில்லை.

முதல் வாரம் தேடலிலேயே போயிற்று. விளையாட்டு வைத்த நட்சத்திரப் பெயர்கள் வாயில் நுழையாததால், நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கி நானே பெயர் வைத்தேன். முதலில் பிடித்த கிரகம் தொழுதூர். அடுத்தது பெண்ணாடம். தண்ணீரில்லாத வறட்டுக் கிரகம் ஒன்றுக்கு என் மாமனார் ஊரின் பெயரை வைத்தேன். இந்த விவரம் வீட்டில் தெரியாது. நீங்களும் சொல்லிவிட வேண்டாம்.

தொடக்கத்தில் கப்பல்கள் மூன்று பார்செக் தூரத்துக்கு மேல் போக முடியாது. எரிபொருள் அவ்வளவுதான். ஒரு பார்செக் என்பது ஒளி மூன்றேகால் வருஷம் ஓடுகிற தூரம். ஆராய்ச்சியில் பணத்தைக் கொட்டினால் நாலு, ஐந்து என்று எட்டும் தூரம் நீளும். எட்டுகிற தூரம் நீண்டதும் நேற்றுவரை கண்ணுக்கு அழகாக மட்டும் இருந்த நட்சத்திரம் இன்றைக்கு 'நமக்குச் சேர வேண்டிய' நட்சத்திரமாகிவிடுகிறது. இந்த மாறுதல் மனசுக்குள் எவ்வளவு ஓசையில்லாமல் நடக்கிறது என்பதுதான் ஆச்சரியம்.

எங்கள் ஜில்லாவிலேயே இதற்கு ஒரு பழைய உதாரணம் இருக்கிறது. கடலூருக்குப் பக்கத்தில் தேவனாம்பட்டினத்தில் இருந்த ஒரு கோட்டையை 1690-ல் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் மராட்டியரிடமிருந்து விலைக்கு வாங்கினார்கள். சென்னையில் அப்போது கவர்னராக இருந்தவர் எலிஹு யேல். அமெரிக்காவில் இருக்கும் யேல் சர்வகலாசாலைக்குத் தம் பெயரைக் கொடுத்த அதே மனிதர். கோட்டையோடு எவ்வளவு நிலம் என்ற கேள்வி வந்தது. பீரங்கிக் குண்டு போய் விழும் தூரம் வரையில் என்று ஒப்பந்தம். கம்பெனிக்காரர்கள் சாமானியப் பீரங்கியையா எடுப்பார்கள்? கிடைத்ததில் பெரிய பீரங்கியைக் கொண்டுவந்து திசைக்கொரு குண்டு போட்டார்கள். குண்டு எட்டிய எல்லைக்குள் இருந்த ஊரெல்லாம் கம்பெனிக்கு. 'குண்டு கிராமங்கள்' என்ற பெயரே அவற்றுக்கு ஏற்பட்டுவிட்டது. அன்று காலையில் அந்த ஊர்களில் நாற்று நட்டுக்கொண்டிருந்தவர்கள் தலைக்கு மேல் விர்ரென்று ஒரு சத்தம் கேட்டிருப்பார்கள். எஜமானர் மாறிவிட்ட சத்தம் அது என்று எவருக்குத் தெரிந்திருக்கும்?

அந்தக் கோட்டைக்குச் செயிண்ட் டேவிட் கோட்டை என்று பெயர். 1758-ல் பிரெஞ்சுக்காரர்கள் அதைப் பிடித்து இடித்துப் போட்டார்கள். அறுபத்தெட்டு வருஷக் கூத்து.

கதைக்குத் திரும்புகிறேன். வானத்தில் எனக்கு அண்டை நாட்டார் ஸைலான்கள். பெரிய தலையும் குச்சி உடம்புமாக இருப்பார்கள். படிப்பிலும் ஆராய்ச்சியிலும் அவர்களை மிஞ்ச ஆளில்லை. ஆரம்பத்திலேயே அவர்கள் தூதன் வந்து நின்றான். ஒருவரை ஒருவர் தாக்குவதில்லை என்று உடன்படிக்கை செய்துகொண்டோம். வியாபாரமும் நடந்தது. ஐம்பது வருஷம் சுகமாக இருந்தோம்.

எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு கிரகம் இருந்தது. நல்ல வளமான பூமி. அவர்கள் என்னை முந்திக்கொண்டு அதில் குடியேறிவிட்டார்கள். நான் அதை வரைபடத்தில் பார்க்கும்போதெல்லாம் அது என் பக்கத்துக்குத்தான் நெருக்கம் என்று தோன்றும். அளந்து பார்த்தேன், அவர்களுக்குத்தான் நெருக்கம். இருந்தாலும் தோன்றியது.

ஒரு வருஷம் ஸைலான்களின் கப்பல்கள் வேறொரு யுத்தத்துக்காக வானத்தின் மறுகோடிக்குப் போயிருந்தன. காவலில்லை. இரவு மணி ஒன்றரை. நான் படையை அனுப்பினேன். பின்னாலேயே ஜனங்களை இறக்கினேன். கிரகம் வந்தது, அதிலிருந்த தொழிற்சாலைகள் வந்தன, அவர்கள் கண்டுபிடித்து வைத்திருந்த வித்தை ஒன்றும் கூட வந்தது. ஸைலான் தூதன் திரையில் வந்து உடன்படிக்கையை முறித்ததாகச் சொல்லிவிட்டுப் போனான். போகட்டும் என்றிருந்தேன்.

வானத்தின் பெரும்பகுதியில் ராஜ்யங்கள் நிரம்பிவிட்டால், இருபத்தைந்து வருஷத்துக்கு ஒரு தடவை மகாசபை கூடுகிறது. எல்லா ராஜ்யங்களுக்கும் ஜனத்தொகைக்குத் தக்கபடி ஓட்டு. மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு வாங்கியவன் வானத்துக்கே சக்கரவர்த்தி. நான் ஒரு வேட்பாளன். எறும்பைப் போன்ற கிளாக்கான்களின் ராஜா மற்றொருவன். எண்ணிப் பார்த்தேன். ஸைலான்கள் எனக்குப் போட்டால் நான் சக்கரவர்த்தி.

ஸைலான்கள் கிளாக்கானுக்குப் போட்டார்கள். மற்றவர்களும் அப்படியே போட்டார்கள்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த அண்ணன் மகன் விழுந்து விழுந்து சிரித்தான். "நீங்க எப்பவோ பண்ணினதை அவங்க மறக்கலை, சித்தப்பா" என்றான்.

"ஒரே ஒரு கிரகம்தானே?"

"உங்களுக்கு ஒரே ஒரு கிரகம். அவங்க கணக்கு வேற மாதிரி இருக்கும்."

மகாசபையின் தீர்ப்பை ஒப்புக்கொள்ளாமலும் இருக்கலாம். அப்படியானால் எல்லா ராஜ்யங்களும் ஒன்றுசேர்ந்து உன் மேல் வரும். நான் ஒப்புக்கொள்ளவில்லை. பையன் எனக்கு வைத்துக் கொடுத்தது ஐந்து படிகளில் மிகச் சுலபமான படி. ஆகையால் வீரம் பேசுவதற்கு இடமிருந்தது. மூன்று இரவு யுத்தம் நடந்தது. வாரப் பத்திரிகைக்குக் கொடுக்க வேண்டிய தொடர்கதை அத்தியாயம் அந்த வாரம் போகவில்லை. நாலாம் நாள் விடியற்காலையில் வானம் முழுவதும் ஒரே நிறமாக இருந்தது, என் நிறம். வெற்றி என்று திரை சொல்லிற்று. அவ்வளவுதான். பொத்தானை அழுத்தினேன், அடுத்த வருஷம் வரவில்லை. தூதன் வந்து நிற்பதற்கு ஒரு ராஜ்யம் பாக்கியில்லை. ஆட்டம் முடிந்துவிட்டது.

வெளியே திண்ணையில் வந்து உட்கார்ந்தேன். வெள்ளாற்றுப் பக்கமிருந்து காற்று வந்தது. மாளிகைமேடு நினைவுக்கு வந்தது.

நான் ஆறாம் வகுப்பு படித்தபோது அண்ணன் என்னைக் கங்கைகொண்ட சோழபுரத்துக்கு அழைத்துப் போனான். பஸ் கட்டணம் அவன் சேர்த்து வைத்த காசு. கோயிலைப் பார்த்துவிட்டு மாளிகைமேட்டுக்கு நடந்தோம். 1025-ல் கடல் கடந்து கடாரம் வரையில் கப்பற்படை அனுப்பிய ராஜேந்திர சோழன் குடியிருந்த அரண்மனை அந்த இடத்தில்தான் இருந்தது என்று அண்ணன் சொன்னான். செங்கல் அடித்தளமும் முள் செடிகளும் இருந்தன. ஓர் ஆடு மேய்ந்துகொண்டிருந்தது. "மத்த கல்லெல்லாம் எங்கேண்ணே?" என்று கேட்டேன். கோயில் மதிலின் கல்லைப் பெயர்த்துக் கொள்ளிடத்தில் கீழணை கட்டக் கொண்டுபோய்விட்டார்கள் என்று அவன் சொன்னான். 1836-ல் கட்டிய அணை அது. "பரவாயில்லைடா, தண்ணியாவது நிக்குதில்ல" என்று சேர்த்துக்கொண்டான். என்னைவிட ஆறு வயசு மூத்தவன். அன்றைக்கு அவனுக்குத் தெரியாத விஷயமே உலகத்தில் இல்லை என்று நான் நினைத்தேன்.

இப்போது ஒத்திப்போட்ட கதையைச் சொல்லியாக வேண்டும். அப்பா போன பிறகு வெள்ளாற்றுக் கரையில் இருந்த நிலத்தை அண்ணனும் நானும் பாகம் பிரித்துக்கொண்டோம். நடுவில் இருநூறு அடி நீளத்துக்கு ஒரு வரப்பு. கிராமத்தில் பிறந்தவர்களுக்குத் தெரியும்: வரப்பு கழிக்கும்போது மண்வெட்டியைக் கொஞ்சம் உள்ளே சாய்த்தால் வரப்பு அடுத்தவன் பக்கம் நகரும். அண்ணன் ஒரு சமயம் ரத்தக் கொதிப்பு முற்றிப் புதுச்சேரியில் ஒன்றரை மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்தான். அந்தப் பருவத்தில் உழவுக்கு ஆள் விட்டது நான். வரப்பைக் கழிக்கச் சொன்னதும் நான். அது மொத்தமாக என் பக்கம் அதிகம் இருக்கிறது என்று எனக்குத் தோன்றியது. அளந்து பார்க்கவில்லை.

ஒண்ணேகால் அடி. இருநூறு அடி நீளத்துக்குக் கணக்கிட்டால் அரை செண்டுக்குக் கொஞ்சம் மேலே.

திரும்பி வந்த அண்ணன் ஒரு வருஷம் ஒன்றும் பேசவில்லை. பிறகு நிலத்தை அளக்க வேண்டுமென்று தாலுகா ஆபீசில் மனுக் கொடுத்தான். ஊரில் எல்லாரும் "தம்பி மேலே மனுக் கொடுத்த அண்ணன்" என்று அவனைத்தான் சொன்னார்கள். நான் எழுத்தாளன், நாலு பேர் மதிக்கிறவன், எனக்குப் பரிந்து பேச ஆளிருந்தது. நானும் வருத்தமான முகத்தை வைத்துக்கொண்டு, "என்ன செய்வது, கூடப் பிறந்தவன்" என்று சொல்லிவந்தேன். அண்ணன் தம்பி ஒற்றுமையைப் பற்றி இரண்டு கதைகள்கூட எழுதினேன். வாசகர்கள் பாராட்டிக் கடிதம் போட்டார்கள். மண்வெட்டியை முதலில் சாய்த்தது யார் என்பதை இன்றுவரை எங்கும் எழுதியதில்லை. இப்போது எழுதுகிறேன்.

திண்ணையில் உட்கார்ந்திருந்த அந்த விடியற்காலையில் மற்றொன்றும் நினைவுக்கு வந்தது. மழைக்காலத்தில் பள்ளிக்கூடம் இல்லாத நாட்களில் அண்ணனும் நானும் பல்லாங்குழி ஆடுவோம். பெண்கள் ஆடுகிற ஆட்டம் என்று பக்கத்து வீட்டுப் பையன்கள் கேலி செய்வார்கள். பதினாலு குழி, குழிக்கு ஐந்து புளியங்கொட்டை. அண்ணன் எண்ணி எண்ணி ஆடுவான். இரண்டாவது ஆட்டத்துக்குள் என் பக்கம் நாலு குழி காலியாகிவிடும். எனக்கு உதடு பிதுங்கும். அப்போது அவன் தன் பக்கத்திலிருந்து இரண்டு கை கொட்டையை வாரி என் குழியில் போடுவான்.

அம்மா அரிசி புடைத்துக்கொண்டே கேட்பாள்: "ஏண்டா, ஜெயிச்சதைத் திருப்பிக் கொடுத்தா அது என்ன ஆட்டம்?"

"இவன்கிட்டே காய் இல்லேன்னா நான் யாரோட ஆடறது?" என்பான் அவன்.

பத்து நட்சத்திரம் பிடித்தவன், இருபது பிடித்தவன், வானம் முழுவதும் பிடித்தவன் எல்லாரையும்விடப் பன்னிரண்டு வயசில் அவனுக்கு ராஜ்ய சாஸ்திரம் தெரிந்திருந்தது. எனக்கு நாற்பதைத் தாண்டி, மூன்று இரவு கண் விழித்து, வேற்றுக் கிரகவாசிகளின் ஓட்டையும் இழந்த பிறகுதான் மண்டையில் ஏறிற்று.

விடிந்ததும் பல்கூடத் தேய்க்காமல் நிலத்துக்கு நடந்தேன். அண்ணன் எப்போதும் முன்கோழி கூவும்போதே வந்துவிடுவான். மோட்டார் கொட்டகைப் பக்கம் மக்காச்சோளத்துக்குத் தண்ணீர் திருப்பிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்தான். மறுபடியும் குனிந்து மடையைப் பார்த்தான். தலை நன்றாக நரைத்துவிட்டிருந்தது. ஆறு வருஷமாகத் தூரத்திலிருந்தே பார்த்ததால் எனக்கு அது தெரியவில்லை.

நான் வரப்பு மேலேயே நின்றேன். வழியெல்லாம் யோசித்து வைத்திருந்த பேச்சு மறந்துபோயிற்று. கதை எழுதுகிறவன் பிழைப்பு இவ்வளவுதான்.

"அண்ணே" என்றேன்.

பதிலில்லை.

"வரப்பைப் பழைய இடத்துக்கே போட்டுடலாம்ண்ணே. நான்தான் தள்ளினேன்."

அவன் மடையை அடைத்தான். மண்வெட்டியைத் தண்ணீரில் அலசினான். கொட்டகைச் சுவரில் அதைச் சாய்த்து வைத்தான். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தான்.

"எவ்வளவுன்னு தெரியுமா உனக்கு?"

"ஒண்ணேகால் அடி."

"ஒன்றரை" என்றான்.

"சரிண்ணே, ஒன்றரை."

"நீ எப்பவும் எண்ணறதிலே கொஞ்சம் மந்தம்தான்" என்றான். சிரித்தானா என்று எனக்குத் தெரியவில்லை. முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டிருந்தான். "டீ குடிச்சியா?" என்று கேட்டான்.

அடுத்த வாரம் ஆள் விட்டு வரப்பை நகர்த்தினார்கள். மனுவை வாபஸ் வாங்கினானா என்று நான் கேட்கவில்லை. பையன் இப்போது தெருவாசல் வழியாக வருகிறான். கொல்லைப் படலுக்கு வேலை போய்விட்டது. விளையாட்டும் போகவில்லை. சின்ன வானமாகப் பார்த்து மறுபடியும் ஆரம்பித்திருக்கிறேன். எனக்கும் ஸைலான்களுக்கும் நடுவில் ஒரு கிரகம் சும்மா கிடக்கிறது. அதைப் பார்க்கும்போது இன்னமும் அது என் பக்கத்துக்கு நெருக்கம்போலத்தான் தோன்றுகிறது. குணம் அவ்வளவு சீக்கிரம் போய்விடுமா?

வரப்பு நகர்த்திய மறுநாள் சாயங்காலம் நான் தனியாகப் போய், யாரும் பார்க்காத சமயத்தில் டேப் வைத்து அளந்து பார்த்தேன். ஒண்ணே முக்கால் அடி உள்ளே வந்திருந்தது.

ஆறு வருஷ வட்டி என்று வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.